நாயோடு நடக்க ஒரு கரை: கல்முனையும் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்டும்

கல்முனையில் நாயோடு நடக்கப் போக நல்ல இடம் எது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர், பாண்டிருப்பிலோ காரைதீவிலோ நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பத்தார், லண்டனிலோ கனடாவிலோ இருந்து விடுமுறைக்கு வந்தவர் என்று அந்தச் சிலரை எண்ணிவிடலாம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நீளும் முஸ்லிம் ஊர்களில் வீட்டுக்குள் நாய் இருப்பது அரிது. வயல் வாடியிலும் மாட்டுப் பட்டியிலும் காவலுக்கு நாய் வைத்திருப்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. அந்த நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாலையில் கடற்கரைக்குப் போகும் வழக்கம்தான் இல்லை. கேட்பவர்கள் குறைவு என்பதால் கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறது. அதனால் நாய் வைத்திருப்பவருக்கும் சங்கடம், நாயின் எச்சில் பட்டுவிடுமோ என்று ஒதுங்குபவருக்கும் சங்கடம்.

இதே சங்கடத்தை வேறொரு கரையில் வேறு விதமாகத் தீர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அது. அங்கும் கடல், அங்கும் நெருக்கமான குடியிருப்பு. அங்கும் எங்களைப் போலவே ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலாய் முஸ்லிம்கள் பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துப் பாதையால் நாய்களும் போய் வருகின்றன. இரண்டு கரைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, பணக்கார நாட்டைக் காட்டி எங்கள் ஊரைக் குறை சொல்வதற்காக அல்ல. எங்கள் கரையில் இருக்கும் ஓர் ஒழுங்கு, அந்தக் கரையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கல்முனை ஓர் ஒடுங்கிய நகரம். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல் வெளி, நடுவே மட்டக்களப்பு வீதி. அந்த வீதியின் இரு பக்கமும் வளவு வளவாக, மதில் மதிலாக வீடுகள். 2001இல் மாநகர சபையாக உயர்ந்த நகரம் என்றாலும், மரநிழலில் புல்தரை விரிந்த பூங்கா என்று சொல்ல இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. சாந்தாங்கேணி போன்ற மைதானங்கள் பந்தடிப்பவர்களுக்கு உரியவை. ஆகவே எங்களுக்குப் பூங்கா என்றால் கடற்கரைதான். அந்தக் கடற்கரையும் முன்பிருந்த கடற்கரை அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. கடலோரம் வீடு கட்டக் கூடாது என்று கிழக்கில் முதலில் 200 மீற்றர் எல்லை போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். 65 மீற்றர் என்ற எண் எங்கள் சனங்களின் வாயில் இன்றைக்கும் அடிபடுகிறது. வீடுகள் இருந்த இடத்தில் வெறும் மணலும் இடிந்த அத்திவாரமும் அடம்பன் கொடியும் மிஞ்சின. இன்று காற்று வாங்கப் போகும் வெளியின் ஒரு பகுதி அப்படி வந்தது. அதனால் அதை எப்படிப் பாவிப்பது என்று பேசும்போது கொஞ்சம் மரியாதையோடுதான் பேச வேண்டும்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நேர் எதிர்க் கதை. கடல் அங்கே நிலத்தை எடுக்கவில்லை, மனிதர்கள் கடலை நிரப்பி நிலம் எடுத்தார்கள். அப்படி எடுத்த நிலத்தில் சுமார் 15 கிலோமீற்றர் நீளத்துக்கு, நடப்பதற்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை, இறைச்சி சுடும் அடுப்புகள், கூடாரம் அடிக்கும் இடம் என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் கோடு போட்டு அமைத்திருக்கிறார்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகலாம், அவிழ்த்துவிட முடியாது. அவிழ்த்துவிட வேறு இடங்கள் இருக்கின்றன. பீஷான்-அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, காத்தோங் பூங்கா போன்றவற்றுக்குள் நாய்கள் ஓடுவதற்கென்றே வேலி அடைத்த திடல்கள் உண்டு.

அப்படியொரு திடலின் வாசலில் நின்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். கதவு ஒன்றல்ல, இரண்டு. வெளிக்கதவைத் திறந்து நாயோடு உள்ளே போனால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு சின்னக் கூடு. வெளிக்கதவைச் சாத்திக் கொளுவியைப் போட்ட பிறகுதான் கயிற்றைக் கழற்றுகிறார்கள், அதன் பிறகுதான் உட்கதவு. கதவு திறக்கும் நேரம் பார்த்து உள்ளே இருக்கும் நாய் பாய்ந்து வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மலாய்ப் பெண், கையில் குழந்தையோடு, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டு நாய்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கம்பிக்குள் விரலை நீட்டப் போனபோது மட்டும் கையைப் பிடித்து இழுத்தார். வேலி இல்லையென்றால் அவர் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். வேலி நாயை அடைப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் தைரியத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததும் அதே வேலி என்பது அங்கேதான் விளங்கியது.

கல்முனையில் அப்படி ஒரு வேலியும் கிடையாது. ஆனால் வேறொரு வகைப் பிரிப்பு இருக்கிறது. சிங்கப்பூர் இடத்தைப் பிரித்துக் கொடுக்கிறது என்றால், எங்கள் கரை நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது.

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கரைக்கு வருபவர்கள் முதியவர்கள், சீனி வருத்தத்துக்காக டொக்டர் நடக்கச் சொன்னவர்கள். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஈர மணலில் நடப்பார்கள். அவர்கள் வுளூவோடு இருப்பவர்கள். அந்த நேரத்தில் நாயோடு எதிரே வருவது அவர்களைத் தண்ணீருக்குள் இறங்க வைப்பது மாதிரி. வெயில் ஏறும்போது கரைவலைக்காரர்கள். அசருக்குப் பிறகு குடும்பங்கள், ஐஸ்கிறீம் வண்டி, கடலை, பட்டம் விடும் பிள்ளைகள். மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் கரை ஒருமுறை காலியாகும். இஷாவுக்குப் பிறகு பொடியன்மார். நோன்பு மாதத்தில் இந்த ஒழுங்கு முழுதாக மாறும், இரவுதான் பகல். வெள்ளிக்கிழமை வேறு கணக்கு. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் கொடியேறினால் அந்தப் பன்னிரண்டு நாட்களும் அந்தப் பக்கம் நாயைக் கொண்டுபோவதை நினைக்கவே வேண்டாம். பெருநாள் காலையில் சில ஊர்களில் கடற்கரைத் திடலே தொழும் இடமாகிவிடுகிறது. அப்போது நெற்றி படுவது அந்த மணலில்தான்.

இந்த நேர அட்டவணை எந்தப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊரில் பிறந்தவருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. பாண்டிருப்பிலிருந்து மண்ணிற நாய் ஒன்றோடு நடந்து வந்த ஓர் இளைஞரிடம், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. “தம்பி, கோவிச்சிக்காதீங்க. நாயக் கொஞ்சம் அங்கால கொண்டு போங்க. நாங்க இந்த மண்ணுலதான் தொழுற.” அதற்கு அவர், “சரி காக்கா, தெரியாமப் போச்சு” என்று கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு வடக்கே திரும்பினார். இருவர் குரலிலும் சூடு இல்லை. இப்படி முடிவது எங்கள் ஊரின் நல்ல குணம். எப்போதும் இப்படியே முடியும் என்று நம்பி இருக்கவும் முடியாது. இரண்டு சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் கரையில், நாய் ஒன்றுக்காகத் தொடங்கும் வாய்த்தர்க்கம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நேரத்தால் போட்ட வேலியின் இன்னொரு பலவீனம், கட்டாக்காலி நாய்கள். அவற்றுக்கு அட்டவணை கிடையாது, அல்லது அவற்றின் அட்டவணை கரைவலையின் அட்டவணை. எங்கள் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில் கரைவலை இழுக்கும்போது பாருங்கள். இரண்டு கம்பான் கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் இழுக்க, மடி கரையை நெருங்க நெருங்க காகங்கள் இறங்கும். வாடி நிழலில் படுத்திருந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழும்பி, மனிதர்களுக்குச் சற்றுத் தள்ளி வட்டமாக உட்காரும். பிரித்தெடுத்து எறியும் சின்ன மீனுக்காகக் காத்திருக்கும் கூட்டம் அது. ஒன்றையொன்று தெரிந்த, எல்லை வகுத்துக்கொண்ட கூட்டம். அதற்குள் கழுத்துப் பட்டியும் கயிறும் போட்ட ஒரு வீட்டு நாயைக் கொண்டுபோவது பெரிய ஆபத்து. கயிற்றில் இருக்கும் நாயால் ஓடித் தப்பவும் முடியாது, பணிந்து ஒதுங்கவும் முடியாது. பிடித்திருப்பவரும் சேர்த்துக் கடி வாங்குவார். கல்முனைக் கரையில் நாயோடு போகக் கூடாத நேரம் ஒன்றைச் சொல் என்றால், மதத்தை எல்லாம் விட்டுவிட்டு, நான் முதலில் இந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

இங்கேதான் இரண்டு கரைகளுக்கும் இடையிலான ஆழமான வித்தியாசம் கிடக்கிறது. 1953இலிருந்து சிங்கப்பூரில் விசர்நாய்க்கடி நோய் இல்லை. நாய்க்கு உரிமம் கட்டாயம், எடுக்காதவருக்கு 5,000 டொலர் வரை தண்டம். வீடமைப்புக் கழக அடுக்குமாடி வீடுகளில் குடும்பத்துக்கு ஒரு நாய், அதுவும் பெரும்பாலும் அங்கீகரித்த சின்ன இனங்கள் மட்டும். தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, பொருத்தமான இடத்திலோ வேறு வீட்டிலோ விடும் தேசியத் திட்டம் ஒன்று 2018இல் தொடங்கியது. அங்கே ஒருவர் நாயைக் கண்டு விலகினால் அது மார்க்கத்துக்காகவோ பழக்கமின்மையாலோ இருக்கும், உயிர்ப் பயத்தால் இருக்காது.

எங்கள் நாட்டில் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். 1975இலிருந்து நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு அந்த எண் படிப்படியாக விழுந்து, அண்மைய ஆண்டுகளில் முப்பதை ஒட்டியும் அதற்குக் கீழேயும் நிற்கிறது. இது பெரிய சாதனை, இதைச் செய்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் மிருக வைத்தியர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்தியது. அது சரியான முடிவு என்பது என் எண்ணம். கொன்றால் காலியான இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வந்து சேரும், ஊசி போட்ட கூட்டம் நிலைத்திருந்தால் அதுவே ஊருக்கு வேலி. ஆனால் கொல்வதை நிறுத்திய அளவுக்குக் கருத்தடையும் பதிவும் எங்கள் ஊர்களில் நடக்கவில்லை. நாய்களைப் பதிவு செய்ய 1901இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. கழுத்தில் வில்லையோடு ஒரு நாயை நம் வீதிகளில் காண்பதுதான் அபூர்வம்.

மார்க்க விஷயத்தைத் தட்டிக் கழிக்காமல் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இது அதில்தான் முட்டி நிற்கிறது. ஷாபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் கடுமையான நஜீஸ். பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். மாலிக் இமாமின் மத்ஹபில் நாய் சுத்தமானது, ஹனபி மத்ஹபில் எச்சில்தான் அசுத்தம். அந்த வித்தியாசங்களைக் காட்டி எங்கள் சனங்களிடம் வாதாடுவதில் பயனில்லை, அது தேவையும் இல்லை. ஷாபிஈ சட்டத்துக்குள்ளேயே காய்ந்த நாய் காய்ந்த உடையில் உரசினால் கழுவத் தேவையில்லை. காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் நாய் வைக்க அனுமதி இருக்கிறது. தாகித்த நாய்க்குச் சப்பாத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸை மதரசாவில் படிக்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. குகைவாசிகளோடு காவல் கிடந்த நாயைக் குர்ஆனே சொல்கிறது. நாயை வெறுக்கச் சொல்லும் மார்க்கம் அல்ல இது, நாயோடு ஓர் இடைவெளி வைக்கச் சொல்லும் மார்க்கம். அந்த இடைவெளியைக் காப்பாற்றித் தரும் ஏற்பாடு எதுவோ அது எங்கள் ஊருக்குப் பொருந்தும்.

இடைவெளியை ஒரே நாளில் உடைக்கப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபரில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில், பண்டார் உத்தாமா பூங்காவில், நாயைத் தொட்டுப் பார்க்க முஸ்லிம்களை அழைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். தொட்ட பிறகு மண்ணாலும் தண்ணீராலும் கழுவும் முறையையும் அங்கேயே சொல்லிக் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் பெரும் கண்டனம் எழுந்து, ஏற்பாட்டாளருக்குக் கொலை மிரட்டல்கூட வந்து, அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கல்முனையில் அப்படி எதுவும் வேண்டாம். தொட விரும்பாதவர் தொடாமலே நிம்மதியாக நடக்கவும், நாய் வைத்திருப்பவர் திருட்டு முழி முழிக்காமல் நடக்கவும் வழி கிடைத்தால் போதும்.

இப்போதைக்கு நாயோடு எங்கே போகலாம் என்று கேட்பவருக்கு என் பதில் இது. கரையில் என்றால் பாண்டிருப்பு, காரைதீவு, பெரியநீலாவணைப் பக்கங்கள், சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், வலை இழுக்காத இடமாகப் பார்த்து. ஒன்பது மணிக்குப் பிறகு அந்த மணலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும். நிந்தவூருக்குத் தெற்கே கரையே குறுகிக்கொண்டு வருகிறது, 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்த பிறகு அதன் வடக்கே கடலரிப்பு தின்ற மண் கொஞ்சமல்ல. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது தோணிகளை எல்லாம் மேலே இழுத்துப் போட்டிருப்பார்கள். அவற்றின் கீழேதான் கட்டாக்காலிகள் குட்டி போட்டுப் படுத்திருக்கும், கிட்டப் போக வேண்டாம்.

கரையை விட எனக்குப் பிடித்தது மேற்குப் பக்கம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, கிட்டங்கியை நோக்கிப் போகும் வழியில் வயல் வெளி காய்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாமல் கிடக்கும். தொழும் இடமும் இல்லை, விளையாடும் பிள்ளைகளும் இல்லை. நாய்க்கு முகர்ந்து பார்க்க ஆயிரம் மணங்கள். ஆனால் வரம்பில் புடையன் பாம்பு இருக்கும், கயிற்றைக் கழற்றாதீர்கள். மருந்து அடிக்கும் காலத்தில் வாய்க்கால் தண்ணீரை நாய் குடிக்க விடக் கூடாது. நீர்ப்பறவைகள் மேயும் பள்ளங்களுக்கு நாயைக் கொண்டுபோகாமல் இருப்பதும் நல்லது. சிங்கப்பூரிலும் சுங்கை பூலோ ஈரநிலத்துக்குள் செல்லப்பிராணிகளை விடுவதில்லை, பறவைகள் கலைந்துவிடும் என்பதால்.

சொல்லப்போனால், நாயின் பக்கமிருந்து பார்த்தால் கல்முனை தோற்கவில்லை. வெஸ்ட் கோஸ்ட் திடலில் பெரிய நாயும் சின்ன நாயுமாக நெருக்கியடித்து, முன்பின் தெரியாத நாய்களோடு வேலிக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவதை விட, அறுவடை முடிந்த கரைவாகு வெளியில் காற்றோடு அரை மணித்தியாலம் நடப்பது எந்த நாய்க்கும் பெரிய சந்தோஷம். இந்த நிலத்தை யாரும் செலவு செய்து உண்டாக்கவில்லை. சிங்கப்பூரிடம் இருப்பது நிச்சயம்: இன்ன இடத்தில் நாய் அவிழ்ந்திருக்கும், மற்ற எல்லா இடத்திலும் கயிற்றில் இருக்கும் என்பதை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள்.

அந்த நிச்சயத்தைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில், குப்பை கொட்டிக் கிடந்த சுமார் 1.3 ஏக்கர் நிலத்தை மாநகராட்சி 2018இல் நாய்ப் பூங்காவாகத் திறந்தது. எங்களுக்கு அவ்வளவுகூட வேண்டாம். மாநகர சபை எல்லைக்குள், ஒரு தமிழ் ஊரும் ஒரு முஸ்லிம் ஊரும் சந்திக்கும் ஓரத்தில், தொழும் திடலுக்கும் மையவாடிக்கும் வாடிகளுக்கும் எட்டத்தில், கால் ஏக்கர் இருந்தால் போதும். கரையோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வயல் பக்கமாகப் பார்த்தால் அந்தச் சிக்கல் இல்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, கோயில் பரிபாலன சபை, மீனவர் சங்கம் மூன்றையும் வேலி நடுவதற்கு முன்பே உட்கார வைத்துப் பேச வேண்டும், நட்ட பிறகு அல்ல.

இரட்டைக் கதவு வைக்கட்டும். ஊசி போட்ட அட்டையைக் காட்டாமல் எந்த நாயும் உள்ளே போகக் கூடாது. வருஷத்தில் ஒருமுறை அதே இடத்தில் மிருக வைத்தியர் வந்து வீட்டு நாய்க்கும் கட்டாக்காலிக்கும் சேர்த்து ஊசி போடட்டும், அப்போது நாய் வளர்க்காத வீடுகளுக்கும் அந்த வேலியால் நன்மை உண்டு. வாசலில் ஒரு தண்ணீர்க் குழாயும், பக்கத்தில் மூடிய தொட்டியில் சுத்தமான மண்ணும் வைக்க வேண்டும். வேலைக்காக உள்ளே போக நேர்ந்த மாநகர சபைத் தொழிலாளியோ, வேடிக்கை பார்க்க வந்து நாய் நக்கிவிட்ட சின்னப் பிள்ளையோ அங்கேயே ஏழு முறை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிங்கப்பூர்த் திடல்கள் எதிலும் நான் அந்த மண் தொட்டியைக் காணவில்லை. கல்முனையில் கட்டும்போது அதற்கும் சேர்த்தே மதிப்பீடு போட வேண்டும்.